ஓர் எழுத்தில் ஓர் ஆபத்து!

சாலையில் ஒரு பெட்ரோல் லாரி போகிறது. நீளமான, உருண்டையான டாங்கி. அதன் முதுகில், பெரிய எழுத்தில் இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகள்: "ஹைலி இன்பிளேமபிள்."

பின்னாலேயே ஒரு மோட்டார் சைக்கிள். பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் பையன், எழுத்துக்கூட்டிப் படிக்கிறான். படித்துவிட்டுத் தகப்பனாரைக் கேட்கிறான்:

"அப்பா, 'பிளேம்' என்றால் தீச்சுவாலைதானே? முன்னால் 'இன்' என்று வந்தால் 'இல்லை' என்று அர்த்தம் என்று எங்கள் வாத்தியார் சொன்னார். அப்படியானால் இந்த லாரி தீப்பிடிக்காதா?"

பையன் கேட்டதில் தவறே இல்லை. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததை அவன் ஒழுங்காக நினைவில் வைத்திருக்கிறான்.

"கரெக்ட்" என்றால் சரி. "இன்கரெக்ட்" என்றால் சரியில்லை. "கம்ப்ளீட்" என்றால் முழுமை. "இன்கம்ப்ளீட்" என்றால் அரைகுறை. "விசிபிள்" கண்ணுக்குத் தெரிவது. "இன்விசிபிள்" கண்ணுக்குத் தெரியாதது. இந்த வழியிலே போனால், "இன்பிளேமபிள்" என்பது தீப்பற்றாதது என்றுதான் ஆகவேண்டும்.

ஆனால் ஆகவில்லை! அந்த வார்த்தைக்கு அர்த்தம், "சட்டென்று தீப்பற்றக்கூடியது" என்பதாகும். "பிளேமபிள்" என்று எழுதினாலும் அதே அர்த்தம்தான். தீப்பற்றாத பொருளைக் குறிக்க இங்கிலீஷில் வேறு வார்த்தை உண்டு. அது "நான்-பிளேமபிள்" என்பது.

ஒரு பீடி, ஒரு தீக்குச்சி. அந்தப் பையனைப்போல நினைத்துக்கொண்டு டாங்கியின் பக்கத்தில் ஒரு பெரியவர் பீடி பற்றவைத்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

"இன்" செய்த குழப்பம்

இந்தக் குழப்பம் எப்படி வந்தது?

இங்கிலீஷ் பாஷை, லத்தீன் பாஷையிலிருந்து ஏராளமான சொற்களைக் கடன் வாங்கியது. லத்தீனில் "இன்" என்ற முன்சொல் இரண்டு உண்டு. ஒன்றுக்கு அர்த்தம் "இல்லை". இன்னொன்றுக்கு அர்த்தம் "உள்ளே". இரண்டும் வேறு வேறு. எழுத்து மட்டும் ஒன்று. தீப்பற்றவைப்பதைக் குறித்த லத்தீன் சொல்லில் இருந்தது இரண்டாவது "இன்". அதாவது, தீ உள்ளே புகுவது. அந்த "இன்" அப்படியே இங்கிலீஷுக்கு வந்து ஒட்டிக்கொண்டது. அந்தச் சொல் இங்கிலீஷில் நானூறு ஆண்டுகளாக இருக்கிறது. "பிளேமபிள்" என்ற குட்டைச் சொல் பின்னால், 1800-களின் தொடக்கத்தில் வந்தது.

இதுபோல ஏமாற்றும் "இன்" இன்னும் பல. "வேல்யூபிள்" என்றால் விலை உயர்ந்தது. "இன்வேல்யூபிள்" என்றால் விலையே இல்லாத மட்டச் சரக்கா? இல்லை. விலை மதிக்க முடியாத அளவுக்கு உயர்ந்தது! தமிழிலும் இந்த விளையாட்டு உண்டு. "மதிப்பற்ற பொருள்" என்றால் குப்பை. "விலை மதிப்பற்ற பொருள்" என்றால் வைரம்.

"பேமஸ்" என்றால் பெயர் பெற்றவர். "இன்பேமஸ்" என்றால் யாருக்கும் தெரியாதவர் அல்ல. கெட்ட பெயர் எடுத்தவர். "டிபரெண்ட்" என்றால் வேறானது. "இன்டிபரெண்ட்" என்றால் வேறுபாடு இல்லாதது அல்ல, அக்கறை இல்லாதது. ஒரு தலைவரைப் பாராட்டி வரவேற்புப் பத்திரம் அச்சடிப்பவர் "இன்பேமஸ்" என்று போட்டுவிட்டால், மேடையிலே சிரிப்பு வரும். அதோடு போகும். பெட்ரோல் லாரி விஷயம் சிரிப்போடு போகாது.

காலிப் பீப்பாய்

அமெரிக்காவில் பெஞ்சமின் லீ வோர்ப் என்று ஒருவர் இருந்தார். ரசாயன இஞ்சினீயரிங் படித்தவர். ஹார்ட்போர்டு நகரிலே, தீ இன்சூரன்சு கம்பெனி ஒன்றில் உத்தியோகம். தொழிற்சாலைகளுக்குப் போய் எங்கே எப்படித் தீப்பிடிக்கும், பிடித்த தீ எதனால் பிடித்தது என்று பார்ப்பது அவருடைய வேலை. மொழி ஆராய்ச்சியிலும் பெரிய பெயர் எடுத்தவர்.

அவர் ஒரு விசித்திரத்தைக் கண்டார். பெட்ரோல் நிறைந்த பீப்பாய்கள் இருக்கும் இடத்தில், தொழிலாளர்கள் மிகவும் ஜாக்கிரதையாக நடந்துகொள்கிறார்கள். சிகரெட் பிடிப்பதில்லை. "காலி" என்று எழுதிய பீப்பாய்கள் அடுக்கியிருக்கும் இடத்திலோ பயமில்லை. அங்கே நின்று புகை பிடிக்கிறார்கள். துண்டை வீசி எறிகிறார்கள்.

உண்மையில் காலிப் பீப்பாய்தான் அதிக ஆபத்து! பெட்ரோல் போய்விட்டது; ஆனால் பெட்ரோலின் ஆவி உள்ளே இருக்கிறது. காற்றோடு கலந்த அந்த ஆவிக்கு ஒரு பொறி போதும். பீப்பாய் வெடிகுண்டாகிவிடும். "காலி" என்ற சொல் "ஒன்றும் இல்லை" என்று மனதுக்குள் சொல்கிறது. மனிதன் பீப்பாயைப் பார்த்து நடப்பதில்லை; பீப்பாயின் மேல் உள்ள சொல்லைப் பார்த்து நடக்கிறான். இதை வோர்ப் எழுதி வைத்தார். அவர் காலமானது 1941-ல். பழைய பீப்பாய்களை வெல்டிங் செய்யும் பட்டறைகளில் இன்றைக்கும் இதே பாடம் தேவைப்படுகிறது.

வார்த்தையே மாறியது!

அமெரிக்காவின் தேசிய தீத்தடுப்புச் சங்கத்தார் 1920-களிலேயே யோசித்தார்கள். ஜனங்களுக்கு லத்தீன் இலக்கணம் சொல்லிக்கொடுப்பதா? வார்த்தையை மாற்றுவதா? வார்த்தையை மாற்றுவது சுலபம்! குழப்பும் "இன்" என்பதை வெட்டி எறிந்துவிட்டு, "பிளேமபிள்" என்றே எழுதுங்கள் என்றார்கள். இன்சூரன்சு கம்பெனிகளும் இதற்கு ஆதரவு காட்டின.

அப்புறம் துணி விஷயம் வந்தது. 1940-களில் அமெரிக்கக் குழந்தைகள், கௌபாய் வேஷத்துக்குப் பஞ்சுபோன்ற ரோமம் வைத்த கால்சட்டை போட்டுக்கொண்டார்கள். ஒரு பொறி பட்டால் உடம்போடு எரியும் துணி அது. சில குழந்தைகள் கருகி இறந்தார்கள். பிறகு 1950-களின் தொடக்கத்தில், அதேபோலக் குபீரென்று பற்றும் ரேயான் சுவெட்டர்கள் விற்பனைக்கு வந்தன. 1953-ல் இவற்றைத் தடுக்கச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் பெயரிலே இருப்பது "பிளேமபிள்" என்ற சொல். பழைய "இன்" அதில் இல்லை.

1959-ல் பிரிட்டிஷ் தர நிர்ணய நிறுவனமும் இதே யோசனையைச் சொன்னது.

அதே 1959-ல் இன்னொன்றும் நடந்தது. இங்கிலீஷை நன்றாக எழுதுவது எப்படி என்று சொல்லும் ஒரு சிறிய புத்தகம், அமெரிக்காவில் புது வடிவில் வெளிவந்தது. வில்லியம் ஸ்டிரங்க் எழுதியதை ஈ.பி.ஒயிட் திருத்தி வெளியிட்ட புத்தகம். பல லட்சம் மாணவர்கள் படித்தது. அதிலே இந்தப் புதுச் சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு இருக்கிறது. இது உயிர் காக்க உதவும் சொல்தான் என்று அது ஒப்புக்கொள்கிறது. ஆனால் லாரி ஓட்டுகிறவருக்குத்தான், குழந்தைகளையும் எழுத்தறிவில்லாதவர்களையும் பற்றிய கவலை வேண்டும். மற்றவர்கள் பழைய சொல்லையே எழுதலாம் என்பது அதன் கருத்து.

புத்தகத்தின் மற்ற பக்கங்கள் எவ்வளவோ நல்லவை. இந்த இடத்தில் அதன் தீர்ப்பு சரியல்ல. எழுதிய சொல்லைப் படித்துத் தவறாக விளங்கிக்கொள்பவர், எழுத்தறிவில்லாதவர் அல்லர். அவருக்கு அந்தச் சொல் வெறும் கோடு. "இன்" என்றால் "இல்லை" என்று கற்றுக்கொண்டவர்தான் ஏமாறுகிறார். கொஞ்சம் படித்தவர், அக்கறையாகப் படித்தவர், விதியை நினைவில் வைத்திருப்பவர். மோட்டார் சைக்கிள் பையனைப்போல!

பெரியவர்களும் தப்பவில்லை

இங்கிலீஷ் தாய்மொழியாக உள்ளவர்களே ஏமாந்த கதைகள் உண்டு.

1941 டிசம்பர். இரண்டாவது உலக யுத்தம். பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில், தம் படைத் தளபதிகளோடு வாஷிங்டனுக்குப் போயிருந்தார். அமெரிக்கத் தளபதிகளோடு ஆலோசனை. பிரிட்டிஷார் ஒரு முக்கிய அறிக்கையை எடுத்துவந்து, "இதை 'டேபிள்' செய்யவேண்டும்" என்றார்கள். அமெரிக்கர்கள், "கூடாது, இது முக்கியமான விஷயம், 'டேபிள்' செய்யவே கூடாது" என்றார்கள். பலத்த வாக்குவாதம்!

விஷயம் இதுதான். இங்கிலாந்தில் "டேபிள்" செய்வது என்றால், உடனே பேசுவதற்காக மேஜைமேல் வைப்பது. அமெரிக்காவில் "டேபிள்" செய்வது என்றால், அப்புறம் பார்க்கலாம் என்று கிடப்பில் போடுவது. இரு தரப்பாரும் ஒரே காரியத்தைத்தான் விரும்பினார்கள். ஒரே பாஷையைத்தான் பேசினார்கள். அதைக் கண்டுபிடிக்க வெகுநேரம் ஆயிற்று. சர்ச்சிலே இதைத் தம் யுத்த வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார்.

"பில்லியன்" கதையும் அப்படியே. அமெரிக்காவில் ஒரு பில்லியன் என்றால் 100 கோடி. இங்கிலாந்திலே பழைய வழக்கப்படி ஒரு பில்லியன் என்றால் ஒரு லட்சம் கோடி. ஆயிரம் மடங்கு வித்தியாசம்! 1974-ல் பிரதமர் ஹெரால்டு வில்சன், அரசாங்கக் கணக்குகளில் இனி அமெரிக்க முறைதான் என்று பார்லிமெண்டில் அறிவித்தார். இன்று இந்தியப் பத்திரிகைகளில் வரும் பில்லியனும் 100 கோடிதான். மில்லியன் என்பது 10 லட்சம். பழைய அகராதி வைத்திருக்கும் வீடுகளில், பிள்ளைகள் அதைப் பார்த்துக் கணக்குப் போட்டுவிடக் கூடாது.

தளபதிகளும் பிரதமர்களும் தடுமாறிய இடத்தில், சாதாரண மனிதர் தடுமாறுவதில் என்ன வெட்கம்? கேட்டுத் தெரிந்துகொள்ள வெட்கப்படுவதுதான் கெடுதல். முக்கியமாக, மருந்து விஷயத்தில்.

டீஸ்பூனா, டேபிள் ஸ்பூனா?

குழந்தைக்குக் காய்ச்சல். டாக்டர் மருந்து எழுதிக்கொடுக்கிறார். பாட்டில்மேல் இங்கிலீஷில் "டீஸ்பூன்" என்று இருக்கிறது. வீட்டில் இருப்பதோ சாதம் பரிமாறும் ஸ்பூன், சாம்பார் ஸ்பூன், சர்க்கரை ஸ்பூன். எது "டீ", எது "டேபிள்"?

டீஸ்பூன் என்றால் 5 மில்லி. டேபிள் ஸ்பூன் என்றால் 15 மில்லி. மூன்று மடங்கு. ஆஸ்திரேலியாவில் டேபிள் ஸ்பூன் 20 மில்லி!

இங்கிலீஷில் சுருக்கி எழுதும்போது ஒன்று "டீ.எஸ்.பி.", மற்றொன்று "டீ.பி.எஸ்.பி." நடுவே ஓர் எழுத்துத்தான் கூடுதல். (போலீஸ் உத்தியோகம்போல இருக்கிறதே என்று சிரிக்கலாம். ஆனால் மருந்துக் கடையில் சிரிக்கக் கூடாது.) ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு ஒரு டீஸ்பூன் என்றால் மொத்தம் 15 மில்லி. அதை டேபிள் ஸ்பூனாக நினைத்துக் கொடுத்தால் 45 மில்லி. காய்ச்சல் மருந்தான பாரசிட்டமால், அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும்.

அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம், 2015-ல் ஒரு முடிவு எடுத்தது. குழந்தைகளின் திரவ மருந்தில் ஸ்பூன் பேச்சே வேண்டாம். எல்லாம் மில்லி கணக்கில்தான் எழுதவேண்டும் என்று சொல்லிவிட்டது. இங்கேயும் தாய்மார்கள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: "எத்தனை மில்லி, டாக்டர்?" மருந்தோடு வரும் மூடியிலோ, சிறு பிளாஸ்டிக் குவளையிலோ கோடு போட்டிருக்கும். அந்தக் கோட்டைப் பார்த்து ஊற்றினால் போதும். சமையலறை ஸ்பூனை சமையலறையிலேயே விட்டுவிடலாம்.

இதோடு சேர்ந்த இன்னொரு ஜோடி, "டிராப்ஸ்", "சிரப்". கைக்குழந்தைகளுக்கான பாரசிட்டமால் டிராப்ஸ் மிகவும் கெட்டியானது. பொதுவாக ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் மருந்து இருக்கும். பெரிய குழந்தைகளுக்கான சிரப்பில், 5 மில்லிக்கு 125 அல்லது 250 மில்லிகிராம். சிரப்பின் அளவில் டிராப்ஸை ஊற்றினால், 5 மில்லியில் 500 மில்லிகிராம் குழந்தையின் வயிற்றுக்குள் போய்விடும். குட்டி பாட்டில், ஆகையால் குட்டி மருந்து என்று நினைப்பதே ஆபத்து. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, அமெரிக்க மருந்துக் கம்பெனிகள் 2011-ல் இரண்டையும் ஒரே கெட்டிக்குக் கொண்டுவந்தன.

இங்கிலீஷ் மருந்துச் சீட்டு வேறு பாஷைக்காரரிடம் போனால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் ஸ்பானிஷ் பேசும் மக்கள் ஏராளம். "ஒரு தடவை" என்பதற்கு இங்கிலீஷில் "ஒன்ஸ்". அதே எழுத்துகள் ஸ்பானிஷில் "பதினொன்று" என்று பொருள்படும்! தினம் ஒரு தடவை சாப்பிடவேண்டிய மருந்தை, பதினொரு தடவை என்று படித்துவிட முடியும்.

மேலே, கீழே

சர்க்கரை வியாதி உள்ள வீடுகளில் அடிக்கடி கேட்கும் வார்த்தைகள் இரண்டு. "ஹைப்பர்", "ஹைப்போ". டெலிபோனில் அவசரமாகப் பேசினால் இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும்.

ஹைப்பர் என்றால் மேலே. ஹைப்போ என்றால் கீழே. இரண்டும் கிரேக்கச் சொற்கள். "ஹைப்பர்டென்ஷன்" ரத்த அழுத்தம் ஏறுவது. "ஹைப்போடென்ஷன்" இறங்குவது. "ஹைப்பர்கிளைசீமியா" என்றால் ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது. "ஹைப்போகிளைசீமியா" என்றால் சர்க்கரை இறங்கிவிட்டது.

வைத்தியம் நேர் எதிர்! இறங்கியவருக்கு உடனே சர்க்கரை கொடுக்கவேண்டும். ஏறியவருக்குக் கொடுக்கக் கூடாது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அது "ஹைப்போ". உடம்பு வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பேச்சு தடுமாறும். நினைவு இருந்து, விழுங்கவும் முடிந்தால், சர்க்கரைத் தண்ணீரோ குளுக்கோஸோ கொடுக்கலாம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகவேண்டும்.

நினைவில் வைக்க ஒரு வழி: "ஹைப்போ" என்ற சொல்லின் முடிவில் "போ" இருக்கிறது. சர்க்கரை கீழே போ, போ என்று போய்விட்டது! ஆனால் இதைவிடச் சிறந்த வழி, டாக்டரிடமும் நர்சிடமும் தமிழிலேயே கேட்பது. "சர்க்கரை ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா?" இந்தக் கேள்வியில் தவறு நேர வழியே இல்லை. "ஏறி", "இறங்கி" என்ற சொற்களை யாரும் மாற்றிக் கேட்டுவிட முடியாது.

மருந்தின் பெயர்களிலும் இந்தத் தொல்லை உண்டு. வயிற்றுப் புண்ணுக்கான ஒரு மருந்து, அமெரிக்காவில் முதலில் "லோசெக்" என்ற பெயரில் வந்தது. சிறுநீரைப் பிரியவைக்கும் "லாசிக்ஸ்" என்ற மருந்து முன்பே இருந்தது. கையெழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றின. மருந்துகள் மாறிப்போயின. 1990-ல் புது மருந்தின் பெயரை "பிரைலோசெக்" என்று மாற்றவேண்டி வந்தது. டாக்டர்கள் மருந்துச் சீட்டைத் தெளிவாகவும், முடிந்தவரை பெரிய எழுத்திலும் எழுதவேண்டும் என்று இந்தியாவிலும் 2016-ல், அப்போதிருந்த மருத்துவக் கவுன்சில் விதி செய்தது.

பத்திரத்தில் கையெழுத்து

உயிருக்கு அடுத்தது, சொத்து.

பாங்கிக் கடன் பத்திரங்கள் பெரும்பாலும் இங்கிலீஷில் இருக்கின்றன. வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கும்போது, பத்திரத்தில் இரண்டு பெயர்கள் வரும். "மார்ட்கேஜர்", "மார்ட்கேஜீ". வால் மட்டும் வேறு. இதிலே யார் யார்?

இங்கிலீஷில் "அர்" என்று முடிந்தால் கொடுப்பவர். "ஈ" என்று முடிந்தால் பெறுபவர். "பாங்கிதானே பணம் கொடுக்கிறது? ஆகவே பாங்கிதான் மார்ட்கேஜர்" என்று நினைத்தால் தவறு. இங்கே பேச்சு பணத்தைப் பற்றியது அல்ல, அடமானத்தைப் பற்றியது. அடமானம் கொடுப்பவர் வீட்டுக்காரர். அவர்தான் மார்ட்கேஜர். அடமானத்தைப் பெற்றுக்கொள்ளும் பாங்கி, மார்ட்கேஜீ. அதேபோல வீட்டைக் குத்தகைக்கு விடுபவர் "லெஸ்ஸர்", எடுப்பவர் "லெஸ்ஸீ". இந்த அர்த்தங்கள் 1882-ம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்திலேயே இருக்கின்றன.

கடன் பத்திரத்தில் வரும் இன்னொரு சொல் "பிரின்சிபல்". பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரும் "பிரின்சிபல்". கடன் தொகையின் அசலும் "பிரின்சிபல்". எழுத்தும் ஒன்றே. இது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் தமிழருக்கு இது புதிதல்ல. "முதல்" என்ற சொல்லைப் பார்த்தால் போதும். முதல் மனிதன் என்கிறோம். முதல் போட்டு வியாபாரம் செய்கிறான் என்றும் சொல்கிறோம். "பிரின்சிபல்" என்பது அந்த "முதல்"தான். இதோடு குழம்பும் மற்றொரு சொல் "பிரின்சிபிள்". அதற்கு அர்த்தம் கொள்கை. கொள்கைக்கு வட்டி கிடையாது!

ஆனால் எழுத்து ஒன்றுபோல இல்லாமலேயே, குடும்பங்களைத் தெருவுக்குக் கொண்டுவரும் ஜோடி ஒன்று உண்டு. அதுதான் "விட்னஸ்", "கியாரண்டர்".

நண்பர் வருகிறார். "ஒன்றுமில்லை அண்ணே, பாங்கியில் லோன் வாங்குகிறேன். சும்மா ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்கிறார். "சாட்சிக் கையெழுத்துத்தானே!" என்று அண்ணனும் போட்டுவிடுகிறார். பத்திரத்திலே அவர் கையெழுத்துக்குக் கீழே இருந்த சொல் "கியாரண்டர்".

"விட்னஸ்" என்றால் சாட்சி. இன்னார் கையெழுத்துப் போட்டதைக் கண்ணால் பார்த்தேன் என்று சொல்பவர். கடன் வாங்கினவர் கட்டாவிட்டால், சாட்சி கட்டவேண்டியதில்லை. "கியாரண்டர்" என்றால் ஜாமீன்தாரர். 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், 128-வது பிரிவு என்ன சொல்கிறது? பத்திரத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய, கடன் வாங்கினவருக்கு எவ்வளவு பொறுப்போ, ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு. பாதி அல்ல, முழுதும். அசலும், வட்டியும். "ஷ்யூரிட்டி" என்று எழுதியிருந்தாலும் இதே கதைதான்.

கையெழுத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்று, "இந்த இடத்தில் என்ன எழுதியிருக்கிறது? தமிழில் சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தால், எத்தனையோ வீடுகள் தப்பியிருக்கும். கேட்பதால் நட்பு கெடாது. கெட்டாலும், வீட்டைவிட அது பெரிய நஷ்டம் அல்ல.

"நாமினி" என்ற சொல்லையும் ஜனங்கள் "வாரிசு" என்று நினைக்கிறார்கள். பாங்கி டிபாசிட்டில் நாமினி என்பவர், பணத்தைப் பெற்றுக்கொள்ளக் குறிப்பிடப்பட்டவர், அவ்வளவே. பணம் சட்டப்படியான வாரிசுகளைச் சேர்ந்தது. இன்சூரன்சு பாலிசியில் மட்டும், 2015-ல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, பெற்றோர், மனைவி அல்லது கணவன், பிள்ளைகள் ஆகியோரை நாமினியாகப் போட்டிருந்தால், பணம் அவர்களுக்கே உரிமையாகிறது. அண்ணன் தம்பிகள் கோர்ட்டுக்குப் போவதற்குமுன், இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

பட்டியல் எதற்கு?

பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளிடம், இப்படிப்பட்ட ஜோடிச் சொற்களை நூறு, இருநூறு என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். "ஸ்டேஷனரி" என்றால் நிற்பதா, எழுதுபொருளா? எழுத்து "ஏ"யா, "ஈ"யா? பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், தெளிவாக இருந்த பிள்ளைக்கும் குழப்பம் வந்துவிடும்! ஒன்றை நன்றாகத் தெரிந்துகொண்ட பிறகு, வேறொரு நாளில் மற்றதைப் படிக்கலாம். தனிச் சொல்லாக அல்லாமல், ஒரு வாக்கியத்தோடு படிக்கலாம்.

தமிழ்ப் பிள்ளை "பள்ளி", "பல்லி" என்ற வித்தியாசத்தைப் பட்டியலிலா கற்றது? பள்ளிக்குப் போய்க் கற்றது. சுவரில் பல்லியைப் பார்த்துக் கற்றது.

தமிழ் பேசுகிறவர்களுக்கு என்றே சில தனிக் குழப்பங்களும் உண்டு. "லெண்ட்", "பாரோ" என்ற இரண்டும் அப்படித்தான். தமிழில் "கடன்" என்ற ஒரு சொல் போதும். "கொடு", "வாங்கு" என்பதைப் பின்னால் சேர்த்தால் திசை தெரிந்துவிடும். இங்கிலீஷில் கொடுப்பதற்கு ஒரு சொல், வாங்குவதற்கு வேறு சொல். "லெண்ட்" கொடுப்பது. "பாரோ" வாங்குவது. மாற்றிச் சொன்னால், கடன் கேட்கப் போனவர் கடன் கொடுக்கிறேன் என்று சொன்னதாக ஆகிவிடும்!

இவையெல்லாம் பேச்சில் வந்தால், கேட்பவர் புரிந்துகொள்வார். அதற்காக ஒருவரைக் கேலி செய்வது அழகல்ல. தீ, மருந்து, பத்திரம் ஆகிய மூன்று இடங்களில் மட்டும் ஊகத்துக்கு இடம் தரக் கூடாது. அந்த இடங்களில் பொறுப்பு, படிக்கிறவருக்கு மட்டும் அல்ல; எழுதுகிறவருக்கும் உண்டு. எழுதுகிறவருக்குத்தான் அதிகம்.

பெட்ரோல் லாரிகளில் இப்போது தீச்சுவாலைப் படம் போட்ட அடையாளமும் இருக்கிறது. 1203 என்ற எண்ணும் இருக்கிறது. அது பெட்ரோலுக்கு ஐக்கிய நாடுகள் சபை முறைப்படி உள்ள எண். விபத்து நடந்தால் தீயணைப்புப் படையினர் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். படம் எல்லாருக்கும் புரியும். எண், படித்த அதிகாரிக்குப் புரியும். நடுவிலே இருக்கும் "இன்பிளேமபிள்" யாருக்காக? அமெரிக்காவில் அதை மாற்றச் சொல்லி நூறு ஆண்டுகள் ஆகின்றன. தமிழ்நாட்டுச் சாலையில் ஓடும் லாரியின் முதுகில், "எளிதில் தீப்பற்றும் - அருகில் நெருப்பு கூடாது" என்று தமிழிலே பெரிதாக எழுதுவதற்கு, ஒரு டப்பா பெயிண்டும் ஒரு மணி நேரமும் போதும்.